ரிமாண்ட் ஹோமில் பிள்ளை, மனசுக்கு வைத்தியம் எங்கே? பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

ஸ்ரீராம்புரம், அல்சூர், ஈஜிபுரம், லிங்கராஜபுரம் பக்கத்தில் பிள்ளை போலீஸ் கேஸில் மாட்டிய குடும்பங்களோடு, அந்தக் கேஸைப் பார்க்கும் போர்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் துணைக்குப் போய்க் கன்னடத்தைத் தமிழாக்கிச் சொல்வது பல வருடமாக என் வேலை. சம்பளத்துக்குச் செய்வதில்லை. வாசலில் காத்திருக்கும்போது ஒவ்வொரு அம்மாவும் அப்பாவும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகத்தைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. உங்கள் பிள்ளையின் வழக்கைப் பற்றிய முடிவை உங்கள் வக்கீலோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

"ரிமாண்ட் ஹோம்னா சின்னப் பசங்க ஜெயில்தானே அக்கா? அங்க வைத்தியம் யார் பாக்கப் போறாங்க?"

ஜெயில் இல்லை. நாம் பழக்கத்தில் ரிமாண்ட் ஹோம் என்கிறோம், சட்டத்தில் அதற்குக் கூர்நோக்கு இல்லம் என்று பெயர். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத பிள்ளையைப் போலீஸ் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. பிடித்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். நாம் "போர்டு" என்பது இந்தக் குழுமத்தைத்தான். அதில் ஒரு மாஜிஸ்ட்ரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

இல்லத்தில் பிள்ளைக்குச் சாப்பாடும் படிப்பும் தருவது எப்படிக் கடமையோ, கவுன்சலிங், மனநல சிகிச்சை, போதை மீட்பு ஆகியவற்றுக்கு வழி செய்வதும் அதே சட்டத்தில் அப்படியே கடமை. நீங்கள் யாரிடமும் தயவு கேட்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

"சரி, யார்கிட்ட போய்க் கேக்கணும்?"

முதலில் நன்னடத்தை அலுவலர். எல்லோரும் பி.ஓ. என்றே சொல்வார்கள். பிள்ளையை முதல்முறை போர்டு முன் நிறுத்திய நாளிலிருந்து 15 நாளுக்குள் அவர் ஒரு சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். வீடு எப்படி, படிப்பு எப்படி, உடம்பு மனசு எப்படி என்று விசாரித்து எழுதுவது அது. போர்டு உங்கள் பிள்ளையைப் பார்ப்பது பெரும்பாலும் அந்தக் காகிதத்தின் வழியாகத்தான். அதனால் பி.ஓ. வீட்டுக்கு வரும்போது வாயைத் திறந்து பேசுங்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, பி.ஓ. மூன்று முறை கேட்டும் "நல்லாத்தான் இருக்கான் சார், ஒரு குறையும் இல்ல" என்றே சொன்னார். அவமானம்தான் காரணம். பையனுக்கு ஆறு வயதிலிருந்து வலிப்பு உண்டு என்பதும், ஒருமுறை மாடிப்படியில் விழுந்து மண்டையில் தையல் போட்டது என்பதும், அதற்குப் பிறகுதான் கோபம் கட்டுக்கடங்காமல் போனது என்பதும் இரண்டு மாதம் கழித்து என்னிடம் டீக்கடையில் சொன்னார். அந்த அறிக்கையில் இதெல்லாம் முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். தூக்கம், கெட்ட கனவு, படுக்கையில் சிறுநீர், வலிப்பு, தலைக்காயம், எந்த வகுப்போடு படிப்பை விட்டான், வீட்டில் யாராவது தற்கொலை செய்துகொண்டார்களா, யார் அடிப்பார்கள், முன்பு எங்கே வைத்தியம் பார்த்தீர்கள் என எல்லாவற்றையும் சொல்லுங்கள். பழைய சீட்டு இருந்தால் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள்.

இரண்டாவது, இல்லத்தின் கண்காணிப்பாளர். மூன்றாவது, போர்டே. வாயால் சொன்னது காற்றோடு போகும். ஒரு வெள்ளைத் தாளில், "என் மகன் இரவில் தூங்குவதில்லை, யாரோடும் பேசுவதில்லை, மனநல மருத்துவரிடம் காட்ட உத்தரவிட வேண்டுகிறேன்" என்று இரண்டு வரி எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஒரு நகலில் வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"பையனுக்குக் கன்னடம் கடையில பேசுற அளவுக்குத்தான் வரும். கவுன்சலர் கேட்டதுக்கெல்லாம் 'ஹூம்'னு தலையாட்டிட்டு வந்துட்டானாம்."

இது சின்ன விஷயம் இல்லை. நண்பனைக் கூப்பிடும் கன்னடம் வேறு, "எனக்கு ராத்திரியில் நெஞ்சு அடைக்கிறது" என்று சொல்லும் மொழி வேறு. அழுகை வருவது தாய்மொழியில்தான். தலையாட்டிய பையனைப் பற்றி "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிட்டால், அந்த ஒரு வரி அவன் கூடவே வரும்.

பிள்ளைக்கு மொழி புரியவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது போர்டின் பொறுப்பு என்று சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. வக்கீல் மூலமாகக் கேளுங்கள். ஆஸ்பத்திரியிலும் பதிவு செய்யும்போதே "தமிழ் தெரிந்தவர் வேண்டும்" என்று சொல்லுங்கள். இந்த ஊரில் தமிழ் பேசும் டாக்டரும் நர்ஸும் சமூகப் பணியாளரும் நிறையவே இருக்கிறார்கள். கேட்டால்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அப்பாவோ மாமாவோ மொழிபெயர்க்க உட்கார வேண்டாம். அப்பா அடிப்பதைப் பற்றி அப்பாவின் வாய் வழியாக எந்தப் பையன் சொல்லுவான்?

"வக்கீலுக்கே காசு இல்ல. இதுல மன வைத்தியத்துக்கு எங்க போறது?"

வக்கீல் இலவசம். பிள்ளைகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணையத்தின் எண் 15100.

வைத்தியத்துக்கு, ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் என்ற பெரிய மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. நாடு முழுவதும் இருந்து வருகிற இடம், நமக்கு பஸ் தூரம். அங்கே குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனி மனநலத் துறையும், போதைக்குத் தனி மையமும் உண்டு. இப்படிச் சிக்கலில் மாட்டிய பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி தருவதற்கென்றே மத்திய பெண்கள் குழந்தைகள் நல அமைச்சகத்தின் துணையோடு 2020இல் தொடங்கிய 'சம்வாத்' என்ற திட்டமும் அங்கேதான் இருக்கிறது. பி.பி.எல். ரேஷன் கார்டு, ஆதார் இரண்டையும் எடுத்துப் போங்கள், கட்டணச் சலுகை உண்டு. கூட்டம் அதிகம். விடியற்காலையில் கிளம்பி, டிபன் கட்டிக்கொண்டு, அன்றைய கூலி போனாலும் பரவாயில்லை என்ற முடிவோடு போங்கள். சிவாஜிநகர்ப் பக்கத்துக்காரர்களுக்கு பௌரிங் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு இன்னும் கிட்டே.

பிள்ளை இல்லத்தில் இருக்கும்போது நீங்களாகக் கூட்டிக்கொண்டு போக முடியாது. இல்லம்தான் பாதுகாப்போடு அழைத்துப் போகும். அதற்குத்தான் மேலே சொன்ன மனு.

"'மென்டல்'னு எழுதிட்டா அவன் வாழ்க்கையே போச்சே. நாளைக்கு வேலை, கல்யாணம்?"

இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பமே இல்லை. போர்டு பார்க்கும் அறிக்கைகள் எல்லாம் ரகசியமாக வைக்கப்பட வேண்டியவை. பிள்ளையின் பெயர், படம், பள்ளி, முகவரி என அடையாளம் தெரியும்படி எதையும் பத்திரிகையோ டி.வி.யோ வெளியிடக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி அதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முடிந்துபோன வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றிதழுக்காகப் போலீஸ் வெளியே சொல்லவும் அதே பிரிவு தடை போடுகிறது.

ஆஸ்பத்திரிச் சீட்டு உங்கள் கையில் இருக்கிறது. அதைக் கல்யாணத் தரகரிடம் காட்டச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. பிள்ளையின் பெயரைக் கெடுப்பது பல சமயம் நம் தெருவின் வாய்தான். யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் விடுவது என்பதை வீட்டில் உட்கார்ந்து பிள்ளையையும் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

"கவுன்சலர்கிட்ட மனசு விட்டுப் பேசுனா, அது அப்படியே கேஸுக்குப் போயிடாதா?"

நியாயமான பயம். ஒரு கவுன்சலர் இரண்டு வேலைக்கு வரலாம். ஒன்று சிகிச்சை, மற்றது போர்டுக்கு அறிக்கை எழுதுவது. பிள்ளைக்கு ஒரு கேள்வியைக் கற்றுக்கொடுங்கள்: "சார், நீங்க எனக்கு வைத்தியம் பாக்க வந்திருக்கீங்களா, ரிப்போர்ட் எழுத வந்திருக்கீங்களா?" நேர்மையான கவுன்சலர் நேராகப் பதில் சொல்வார். முதல் வகை என்றால் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, கோர்ட்டு உத்தரவு போன்ற சில விலக்குகள் உண்டு.

இன்னொரு விலக்கும் உண்டு. பிள்ளை தனக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகச் சொன்னால், பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி அதைக் கவுன்சலர் புகாராகத் தெரிவித்தே ஆக வேண்டும். அது பிள்ளைக்கு எதிரானது அல்ல, பிள்ளையின் பக்கம் நிற்பது.

சம்பவத்தன்று என்ன நடந்தது என்பதை முதலில் வக்கீலிடம் பேசட்டும். தூக்கம், பயம், கோபம், வீடு, பழைய அடி இவற்றைக் கவுன்சலரிடம் தாராளமாகப் பேசலாம். பொய் சொல்லச் சொல்லித் தராதீர்கள். பையனுக்குப் பொய்யையும் சுமக்க வைத்தால், வைத்தியம் எந்த இடத்தில் தொடங்கும்?

"மனசு சரியில்லன்னு நாமே சொன்னா, அதையே காரணமா வச்சு பெயில் மறுத்துட மாட்டாங்களா?"

இளைஞர் நீதிச் சட்டத்தில் ஜாமீன்தான் விதி, மறுப்பது விலக்கு. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்வான், அவனுக்கு ஒழுக்க ரீதியாகவோ உடலுக்கோ மனசுக்கோ ஆபத்து, நீதி தவறும், இப்படி ஒரு காரணம் இருந்தால்தான் மறுக்கலாம். அந்தக் காரணத்தை எழுதியும் வைக்க வேண்டும். "மனசுக்கு ஆபத்து" என்ற சொல் அங்கே இருப்பதால்தான் இந்தச் சந்தேகம் வருகிறது.

நான் பார்த்தவரை, பிரச்சினையை மட்டும் சொல்லிவிட்டு நிற்பதுதான் சிக்கல். "பிரச்சினை இருக்கிறது, இன்ன ஆஸ்பத்திரியில் காட்டப் போகிறோம், கூட்டிப் போவது அவன் பெரியம்மா, இதோ அவர் வந்திருக்கிறார்" என்று வழியோடு போய் நின்றால் அதே விஷயம் ஜாமீனுக்குத் துணையாகிறது. ஜாமீன் கிடைத்தும் ஷ்யூரிட்டிக்கு, அதாவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட, ஆள் கிடைக்காமல் ஏழு நாள் ஓடிவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவதற்காகப் பிள்ளையைத் திரும்பப் போர்டு முன் நிறுத்த வேண்டும். வக்கீலுக்கு நினைவூட்டுங்கள்.

"பஞ்சர் சொல்யூஷன் மோந்து மோந்து இப்படி ஆயிட்டான். அடிச்சுத் திருத்த முடியலயே?"

அடித்துத் திருந்தியிருந்தால் எப்போதோ திருந்தியிருப்பான். சொல்யூஷன், ஒயிட்னர், கஞ்சா இவையெல்லாம் பழக்கம் என்பதைத் தாண்டி வைத்தியம் தேவைப்படும் நிலைக்குக் கொண்டுபோகும். பல பையன்கள் பசி தெரியாமல் இருக்க, பயம் தெரியாமல் இருக்க ஆரம்பித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பசியையும் பயத்தையும் தொடாமல் டப்பாவை மட்டும் பிடுங்கினால் அவன் வேறொன்றைத் தேடுவான். போர்டு தன் உத்தரவிலேயே போதை மீட்புச் சிகிச்சையைச் சேர்க்கலாம், கேளுங்கள்.

பையன் கையில் கஞ்சாப் பொட்டலம் கொடுத்து விற்கவோ சுமக்கவோ வைத்த பெரிய ஆள் ஒருவன் இருந்தால், அவனுக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 78ஆம் பிரிவின்படி ஏழு வருடம் வரை கடுங்காவல் உண்டு. வக்கீலிடம் இதை மறைக்காதீர்கள். பல வழக்குகளில் பிள்ளை மட்டும் மாட்டி, அந்த ஆள் அதே முனையில் நின்றுகொண்டிருக்கிறான்.

"மாத்திரை போட்டா அதுக்கே அடிமை ஆயிடுவானாமே?"

எல்லாப் பிள்ளைக்கும் மாத்திரை தருவதில்லை. பேச்சு, குடும்பத்தோடு உட்காருவது, படிப்பில் எங்கே தடுக்குகிறது என்று சோதிப்பது, இவையும் வைத்தியம்தான். மாத்திரை எழுதினால் என்ன பெயர், எதற்கு, எத்தனை நாள், என்ன பக்க விளைவு என்று கேட்பது உங்கள் உரிமை. செய்யக் கூடாதது ஒன்றுதான்: இரண்டு வாரத்தில் "நல்லாயிட்டான்" என்று நாமே நிறுத்துவது.

"ஏதோ பிடிச்சிருக்குன்னு பாட்டி சொல்றாங்க. விவேக் நகர் குழந்தை ஏசு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போலாமா?"

போங்கள். வியாழக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். அந்தக் கூட்டத்தில் பாட்டியோடு நிற்பதே சில பிள்ளைகளுக்கு ஆறுதல். புதன்கிழமை ஓ.பி. இருந்தால் அதையும் விடாதீர்கள். சங்கிலி போடுவது, பட்டினி போடுவது, சூடு வைப்பது இவற்றை யார் சொன்னாலும், எந்தச் சாமி பெயரில் சொன்னாலும், செய்யாதீர்கள்.

"கையை பிளேடால கீறிக்கிறான். 'செத்துடுவேன்'னு மிரட்டுறான். சும்மா நடிக்கிறானா?"

நடிப்பு என்று எடுத்துக்கொள்ளவே வேண்டாம். இல்லத்தில் இருக்கிறான் என்றால் அன்றைக்கே கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள், வக்கீலுக்கும் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிறான் என்றால் எலி மருந்து, பிளேடு, அப்பாவின் சர்க்கரை மாத்திரை வரை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ராத்திரி தனியாகப் படுக்க விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவனாகச் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு வழி திறக்கும்.

14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கியது. காயமோ விஷமோ என்றால் போனில் நேரம் கழிக்காமல் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள். தற்கொலைக்கு முயன்றதற்காகக் கேஸ் வரும் என்று பயந்து வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே 2017 சட்டம் எடுத்துக்கொள்கிறது, தண்டிக்கச் சொல்வதில்லை.

"பெயில்ல வந்துட்டான். இனிமே எல்லாம் சரியாயிடும்ல?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். இல்லத்தில் தொடங்கிய வைத்தியம் அறுந்து போவது வெளியே வருகிற அன்றைக்குத்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பையன் வெளியே வந்தான். எல்லோருக்கும் சந்தோஷம், அம்மா பிரியாணி வாங்கினார். அவனுக்கு இரவில் ஒரு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. சீட்டு யார் கையிலும் இல்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. ஞாயிறு ராத்திரி தூங்காமல், திங்கள் முழுக்க நடுங்கி, செவ்வாய்க்கிழமை பழைய கூட்டாளிகளைத் தேடிப் போய்விட்டான். அவனைத் திரும்ப ஓ.பி.யில் உட்கார வைக்க ஐந்து மாதம் ஆனது.

அதிலிருந்து, சீட்டு இல்லாமல் கேட்டைத் தாண்டக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்கிறேன். மருந்துச் சீட்டு, குறைந்தது பத்து நாள் மாத்திரை, ஆஸ்பத்திரிப் பதிவு எண், அடுத்த தேதி, எந்த டாக்டர், அவன் எந்தக் கவுன்சலரிடம் பேசினான் என்ற பெயர், எல்லாம் கையில் வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் என்று ஒன்று எழுத வேண்டும். வெளியே வந்த பிறகு என்ன என்பதும் அதில் இருக்க வேண்டும், நகல் கேளுங்கள். முதல் அப்பாயின்ட்மென்ட் ஒரு வாரத்துக்குள் இருக்கட்டும். அன்றைக்குக் கூட யார் போவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர் என்றால் சித்தியோ, நம்பிக்கையான பக்கத்து வீட்டு அண்ணனோ போகட்டும்.

"எங்க வீட்டுக்காரர் குடிச்சிட்டு வந்து அடிப்பார். பையனை மட்டும் கவுன்சலிங் கூப்பிட்டா போதுமா?"

போதாது. பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது பெற்றோருக்கும் கவுன்சலிங் தர போர்டுக்கு அதிகாரம் இருக்கிறது. "என் கணவரையும் வரச் சொல்லுங்கள்" என்று பி.ஓ.விடம் தனியாகச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் அம்மா சொன்னால் எகிறுபவர்கள் போர்டு சொன்னால் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். அவர் குடியை விட வேண்டுமானால் அவருக்கும் அதே நிம்ஹான்ஸ் போதை மையம் இருக்கிறது.

"பையனுக்கு 16 முடிஞ்சுது. 'மனநலச் சோதனை பண்ணி பெரியவங்க மாதிரி விசாரிப்போம்'னு சொல்றாங்களாம். அது என்ன?"

16 முதல் 18 வயதுக்குள், கொடிய குற்றம் என்று சொல்லப்பட்டால் மட்டும் வருவது இது. குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடம் அல்லது அதற்கு மேல் உள்ளவைதான் அந்த வகை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி போர்டு ஒரு முதற்கட்ட மதிப்பீடு செய்யும். அந்தச் செயலைச் செய்யும் மன, உடல் திறன் இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்று பார்ப்பார்கள். குற்றம் செய்தானா இல்லையா என்பதை இதில் முடிவு செய்வதில்லை. மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும்.

போர்டில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்த ஒருவர் இல்லாவிட்டால் நிபுணரின் உதவியைப் பெற்றே ஆக வேண்டும் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதல் கேள்விகளில் சொன்ன வலிப்பு, தலைக்காயம், படிப்பு நின்றது, மொழி எல்லாமே இங்கே எடை பெறும். மதிப்பீட்டின் முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு செய்யலாம். அங்கே வேறு நிபுணரின் கருத்தையும் கேட்க முடியும்.

இது வைத்தியம் இல்லை. அறிக்கை எழுதியவர் போய்விடுவார். பிள்ளைக்குச் சிகிச்சை வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து விட்டுவிட்ட குடும்பங்கள் நிறைய.

"லவ் பண்ணி ரெண்டு பேரும் ஓடிப் போனாங்க. பையன் மேல போக்சோ. இதுக்கு எதுக்கு மனநல டாக்டர்?"

பெண்ணுக்கு 18 ஆகவில்லை என்றால் அவள் சம்மதத்தைச் சட்டம் ஏற்பதில்லை, அதனால் வழக்கு வருகிறது. குற்றச்சாட்டின் பிரிவைப் பொறுத்து, முந்தைய பதிலில் சொன்ன மதிப்பீடும் வரலாம். நேற்றுவரை காதலன், இன்றைக்குப் போலீஸ் வாயில் வேறு பெயர். இந்தப் பையன்கள் சத்தமே இல்லாமல் உடைவார்கள். மேலே கையைக் கீறுவதைப் பற்றிச் சொன்னதை இவன் விஷயத்தில் இரண்டு முறை படியுங்கள். அந்தப் பெண்ணுக்கும் யாராவது துணை வேண்டும். அவள் குடும்பத்தைத் திட்டிக்கொண்டிருக்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

"கேஸ் நடக்கும்போதே 18 ஆயிடுச்சு. எல்லாம் நின்னு போயிடுமா?"

இல்லை. சம்பவத்தன்று இருந்த வயதுதான் கணக்கு, விசாரணை போர்டிலேயே தொடரும். ஆஸ்பத்திரியில்தான் மாற்றம். குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றுவார்கள், சம்மதக் கையெழுத்தும் இனி அவனே போட வேண்டும். புது டாக்டரிடம் முதல் தடவை பழைய ஃபைலோடு போங்கள். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் ஊருக்கே திரும்புகிறவர்களுக்கும் இதேதான் சொல்வேன். சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அங்கே மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள்.

"எனக்கே ராத்திரி தூக்கம் இல்ல அக்கா. சாப்பாடு இறங்கல. என்னை யார் கேக்கறாங்க?"

நான் கேட்கிறேன். அந்த 14416 பிள்ளைக்கு மட்டுமான எண் இல்லை. பையனை ஓ.பி.க்குக் கூட்டிப் போகிற அன்றைக்கே சமூகப் பணியாளரிடம் "எனக்கும் முடியல" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், உங்களையும் உட்கார வைத்துப் பேசுவார். அடுத்த தேதிக்குப் போர்டு வாசலில் பார்க்கும்போது, முதலில் சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்பேன். எதிரில் இருக்கிற கடையில் இட்லி எட்டு மணிக்கே சூடாக வந்துவிடும்.